அவன் மன்னிப்புக் கேட்கும்வரை

முதலில் கை நீட்டியது அவன்தான். அந்தக் கடற்கரைக் காவலாளி.

அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்காமல் இந்த ஊரைவிட்டு நான் நகர்வதாக இல்லை.

"அப்பா, ரயிலுக்கு நேரமாச்சு. மணல்ல உட்கார்ந்துக்கிட்டு என்ன பிடிவாதம் இது?" என்றாள் மகள்.

"நீங்க போங்க. அவன் சொன்ன சொல்லைக் காப்பாத்தட்டும். அப்புறம் வர்றேன்."

மருமகன் பெட்டியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

வந்த அன்று பேத்தியைக் கால் நனைக்க அழைத்துப் போனேன். கரையில் ஒரு பலகை. நான் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் நாலு அலை வந்து போய்விடும். "என்ன போட்டிருக்கு மாப்பிள்ளை?" என்றேன்.

"எல்லா ஊர்லயும் எழுதி வைக்கிறதுதான் மாமா. ஜாக்கிரதையா இருக்கணுமாம்."

ஜாக்கிரதை எனக்கா தெரியாது? காலமெல்லாம் லாரி ஓட்டியவன். இரண்டு பக்கமும் அலை அடித்துக்கொண்டிருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் குளம் மாதிரி கிடந்தது. குழந்தைக்கு இதுதான் தோது என்று அங்கே இறங்கினேன்.

விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்தான் அவன்.

"யோவ் பெருசு! வெளிய வா! அலை அடிக்காத இடம்தான்யா ஆளை உள்ளே இழுக்கும்!"

"யாரைடா பெருசுங்கறே? உங்கப்பன் வயசு எனக்கு. மரியாதையாச் சொன்னா வருவேன்."

"மரியாதை பார்க்கிற இடமாய்யா இது?"

பேத்தியை வெடுக்கென்று பிடுங்கிக் கரையில் விட்டான். நான் வீம்புக்கு இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். பின்னாலேயே வந்து பளார் என்று கன்னத்தில் ஒன்று விட்டான்.

கூட்டம் கூடிவிட்டது. ஒருத்தன் செல்போனில் படம் பிடித்தான். மருமகன் வேறு பக்கம் பார்த்தார். பேத்தி, "தாத்தாவை அடிச்சிட்டாங்க" என்று அழுதாள். அறைகூட வலிக்கவில்லை, அவள் பார்த்துவிட்டாளே, அதுதான் வலித்தது.

நேராக அவர்கள் அலுவலகத்துக்குப் போய் மேசையைத் தட்டினேன். அதிகாரி பதறிப்போனார். "படம் வெளியே போனா இந்த ஊருக்கு எவன் வருவான்?" என்று அவனைக் கூப்பிட்டு, "கேள்யா மன்னிப்பு" என்றார்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இப்பக் கேட்டா நாளைக்கும் அங்கேயே இறங்குவார் சார். குடும்பத்தோட, உயிரோட ஊருக்குக் கிளம்பட்டும். அன்னிக்கு நானே தேடி வந்து, கால்ல விழுந்து கேட்கிறேன்."

"திமிரைப் பார்த்தீங்களா சார்?" என்றேன்.

அதிகாரி அவன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி வாங்கினார். கார் நிறுத்தும் இடத்தில் சீட்டுக் கிழிக்க அனுப்பினார். அதற்கப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கியது.

நேற்று பேத்தியைக் கூட்டிக்கொண்டு அதே இடத்துக்குக் கிளம்பினேன்.

"வேற பக்கம் போலாமேப்பா" என்றாள் மகள்.

"ஏன்? நான் பயந்துட்டேன்னு அவன் நினைக்கவா?"

புதுக் காவலாளி சலாம் வைத்தான். "கொஞ்சம் பார்த்து இறங்குங்க சார்" என்று சிரித்தான். ஆள் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

தூரத்தில், கார்களுக்கு நடுவிலிருந்து அவன் கையை ஆட்டிக் கத்தினான். "பெருசு! அங்க வேணாம்!"

நான் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பேத்திக்கு முழங்கால் அளவுதான் தண்ணீர். காலடி மணலை யாரோ பாயை உருவுவது மாதிரி உருவினார்கள். என் பிடி நழுவியது. "தாத்தா" என்று ஒரு குரல், அவ்வளவுதான்.

புதுக் காவலாளி விசில் ஊதினான். ஊதிக்கொண்டே நின்றான்.

அவன் ஓடிவந்தான். கையிலிருந்த சீட்டெல்லாம் காற்றில் பறந்தது. செருப்பை உதறிவிட்டுப் பாய்ந்தான். எங்கோ போய்க்கொண்டிருந்த குழந்தையை எட்டிப் பிடித்தான். பக்கவாட்டில் நீந்தி, அலை அடிக்கும் பக்கமாக என்னை நோக்கித் தள்ளினான்.

"பெருசு! பிடி!"

பிடித்துக்கொண்டேன்.

"இனிமே எதுக்கு மாமா அந்த மன்னிப்பெல்லாம்? விட்டுடுங்க." இப்போதுதான் மருமகன் வாயைத் திறக்கிறார்.

"எப்படி விடறது? அடி வாங்கினது நான்."

மகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பேத்தியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

எனக்குச் சற்றுத் தள்ளி அவன் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். நேற்றிலிருந்து அங்கேயேதான். மடியில் அவன் செருப்பு.

தேடப் போன படகு இந்தத் தடவையும் வெறுமனேதான் திரும்பியது.

"நீங்க கிளம்புங்கய்யா" என்றாள் அவள்.

"மாட்டேன்மா. நாங்க கிளம்புற அன்னிக்கு வந்து மன்னிப்புக் கேட்கிறேன்னு சொல்லியிருக்கான். இன்னிக்குத்தான் கிளம்புறோம். கால்லகூட விழ வேணாம். கரைக்கு வந்தாப் போதும்."