கடலோரம் போகும் வாரம்

‘எப்படியாச்சும் இந்த மனுசன் கெளம்பிப் போயிரோணும்.’

தோசைக் கல்லில் மாவை ஊற்றியபடி சித்ராதேவி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். பின்னால், சாப்பாட்டு மேசையில் அவள் கணவர் தரணீதரனும் அவள் தம்பி அருள்குமாரும் செல்போனில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பாலக்காட்டுல டிபன் மாமா. கோழிக்கோட்டுல கடலைப் புடிச்சமுன்னா அப்பறம் கோகர்ணம் வரைக்கும் விடறதே இல்ல. மரவந்தேன்னு ஒரு எடம் வருது பாருங்க, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் கடலு. நடுவுல நம்ம அஞ்சு புல்லட்டு!”

“கேக்க நல்லாத்தான் இருக்குது மாப்ள. ஆனா வாரத்தப் பாரு. சொல்லி வெச்சாப்பல ஷிப்மென்ட் லாரி போற வாரத்துல கொண்டாந்து வெச்சிருக்கறயே!”

“அஞ்சு பேத்துக்கும் ஒத்து வர்றது அந்த வாரந்தானுங்க. நான் என்ன பண்றது?” என்ற அருள்குமார், தட்டில் இருந்த தோசையில் சட்டென்று கவனமாகிவிட்டான்.

கீழே பனியன் ஏற்றுமதிக் கம்பெனி, மேலே வீடு. தையல் மெஷின்களின் அதிர்வு தரை வழியாகப் பாதத்தில் ஏறும். கல்யாணமான வருடம் தொடங்கிய கம்பெனி அது. அன்றிலிருந்து தரணீதரன் பக்கத்தில் நிற்காமல் ஒரு லாரியும் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

“நான் பாத்துக்கறனுங்க,” என்றாள் சித்ரா. “பேக்கிங் எப்பவும் நான்தானே பாக்கறேன்?”

“நீ பாத்தா சரியாத்தான் இருக்கும் அம்மிணி. இருந்தாலும்...”

அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். கொஞ்சம் வேகமாகவே.

அடுத்த நாட்களில் அவருக்கு ஒவ்வொரு காரணமாக முளைத்தது. முதுகு வலி என்றார்; இடுப்புக்கு பெல்ட் வாங்கி வைத்தாள். மழை வரும் என்றார். மழைக்கோட்டு வாங்கி வைத்தாள். “ஊட்டுல நீ தனியா இருக்கோணுமே?” என்றபோது, “நம்ம பொண்ணு ஜனனியை ஹாஸ்டல்ல இருந்து வரச் சொல்லியிருக்கறனுங்க,” என்றாள். காரணம் தீர்ந்துபோய் அவர் தலையைச் சொறிந்தார்.

வண்டியை சர்வீஸுக்கு விடும் முன்பே டி-சர்ட் மட்டும் தயாராக ஆரம்பித்திருந்தது. திருப்பூர்க்காரர்கள் ஊருக்குக் கிளம்பினால் முதல் வேலை அதுதான். முதுகில் அலை, அலைமேல் புல்லட். ஆனால் முதல் சாம்பிளில் நீலம் வெளுப்பு என்றார் தரணீதரன். இரண்டாவதில் கழுத்து லூஸ் என்றார். போட்டுக்கொள்ளப் போவது ஐந்தே பேர்.

“ஏனுங்கக்கா, அய்யா கெளம்பறதுக்குள்ள அவுருக்குப் பேரன் பொறந்து, அவனுக்கே அந்த டி-சர்ட்டு சின்னதாயிருமாட்ட இருக்குது!” என்றாள் செக்கிங் பார்க்கும் தெய்வாத்தாள். மொத்த வரிசையும் சிரித்தது. சித்ராவும் சிரித்தாள். ஆனால் உள்ளுக்குள் பயம்தான். அவர் தயங்கும் ஒவ்வொரு முறையும், எங்கே போகாமலே நின்றுவிடுவாரோ என்று. தன்னிடம் இவ்வளவு ஆசை இருந்ததா என்று அவளுக்கே கூச்சமாக இருந்தது. இதுவரை எதையும் இப்படிக் கேட்டதில்லை. இப்போதும் வாய்விட்டுக் கேட்கவில்லைதான்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, தரணீதரன் பெரிய பையோடு மாடியேறி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கண்ணை மூடு அம்மிணி.”

தலையில் ஏதோ கனமாக இறங்கியது. வெளியே கேட்ட சத்தமெல்லாம் அடங்கிப்போனது. கண்ணைத் திறந்தால், கண்ணாடியில் கத்தரிப்பூ நிற ஹெல்மெட்டுக்குள் அவள் முகம். அவர் ஹெல்மெட்டின் மேல் கதவைத் தட்டுவதுபோலத் தட்டினார்.

“ஊட்டுல ஆளிருக்குதா? நீயும் வர்றே. மாப்ள சம்சாரம் கிருத்திகாவும் வருதாமா. அந்தப் புள்ள பின்னால உக்காந்து வர்றப்ப உன்னைய மட்டும் இங்க உட்டுட்டுப் போறதா?”

“ஷிப்மென்ட்டுங்க?”

“சரக்கு வாங்கற பையருகிட்டப் பேசிட்டேன். ஒரு வாரம் தள்ளிக்கலாம்னுட்டாங்க. வந்து ரெண்டு பேருமா நின்னு ஏத்தி உடலாம்.”

அவளுக்கு ஒரு கணம் உப்புக்காற்று அடித்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் ஆறும் ஒரு பக்கம் கடலுமாக. போகலாம்தான். நல்ல மனுசர். கேட்காமலே தலைக்குச் சரியான அளவில் வாங்கி வந்திருக்கிறார்.

ஹெல்மெட்டைக் கழற்றி, கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள்.

“தள்ள வேண்டாம்னு பையருக்குச் சொல்லிருங்க. சொன்ன தேதிக்கே போகட்டும்.”

“அடேங்கப்பா! என்னைய அனுப்பி வெக்கறதுக்காக இப்படியொரு தியாகமா?” அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “வேண்டாம் அம்மிணி, நீ இல்லாம எனக்கென்ன கடலு? வா, போலாம்.”

அவள் கணவரின் முகத்தைப் பார்த்தாள். ‘ஷிப்மென்ட் வாரத்துலயே வெய்யி, மாமாகிட்ட மட்டும் சொல்லீராத’ என்று தம்பிக்குப் போன் போட்டவளே அவள்தான். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு லாரியாவது, அவள் ஒட்டிய பெட்டியை அவர் மறுபடி பிரித்துப் பார்க்காமல், அவள் சொன்ன சொல்லில் கிளம்பிப் போக வேண்டும்.

“அடுத்த வருசம் வர்றனுங்க. இப்ப நீங்க போயிட்டு வாங்க,” என்றாள் சித்ரா, மெதுவாக.