நம்ம பள்ளிக்கூடம்

ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள அந்த யூதப் பள்ளிக்கு, எல்லோரையும் வரவேற்பது போல ஒரு புதுப் பெயர் வைக்கக் கூட்டம் நடந்தது.

“‘திறந்த கதவு’ன்னு வைக்கலாமே” என்றார் தலைமையாசிரியரும் யூத மதகுருவுமான ராபி பின்கஸ்.

“இதென்ன ஹோட்டலா?” என்று சீறினாள் கணக்கு ஆசிரியை ரூத். “ஹீப்ருப் பேரை எடுத்துட்டா நாம யாருன்னு எப்படித் தெரியும்? அடுத்து வெள்ளிக்கிழமை ஓய்வுநாளுக்கு ஏத்துற மெழுகுவத்தியையும் அணைச்சிடுவீங்களா? நம்ம பெரியவங்க இதை ஒத்துக்குவாங்களா?”

பின்கஸ் தாடியைத் தடவிக்கொண்டார்.

“கோபப்படாதீங்கம்மா. ஞாயித்துக்கிழமை காலையில மறுபடி உக்காந்து பேசுவோம்.”

“அன்னிக்கு முடியாது ராபி. சர்ச்சுல நான்தான் பாட்டுக் குழுவை நடத்தணும்.”

கூட்டமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“நீங்க கிறிஸ்தவங்கங்கிறதையே நாங்க மறந்து போயிட்டோம்” என்று சிரித்தார் பின்கஸ். “அப்ப பழைய பேரே இருக்கட்டும்.”