ஜப்பான் பொடி

"இந்த வாரம் முழுக்க நீ குடிச்சது வெறும் சுக்குப் பொடி, வான்மதி" என்றேன்.

எதிரே தோசையைப் பிட்டுக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

சொல்லாமல் எப்படி இருப்பது? நான் மருந்துக் கம்பெனியில் வேலை பார்ப்பவன். என் வீட்டிலேயே இந்தக் கூத்து என்றால் எங்கள் ஊர் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தலைகாட்ட முடியுமா?

கம்போவாம். ஜப்பான்காரர்களின் மூலிகை வைத்தியம். இஞ்சி, இலந்தைப்பழம், வாயில் நுழையாத பெயரில் ஒரு காய், எல்லாவற்றையும் காய்ச்சி உலர்த்திப் பொடியாக்கினால் ஒற்றைத் தலைவலி ஓடிவிடுமாம். நம் ஊர்க் கஷாயத்தை ஜப்பான் டப்பாவில் போட்டால் படித்தவளும் கியூவில் நிற்கிறாள்.

இதைக் கொடுப்பது பக்கத்து ஊர் ஃபோர்ட் லீயில் ஒரு டாக்டரம்மா. தலைவலி என்று போனவளின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாளாம். வலி எப்போது வரும், வீட்டில் யார் யார் என்றெல்லாம் கேட்டாளாம். வைத்தியமா, வம்பா?

இதில் பிளானோ வேறு. வான்மதியை மேனேஜராக்கி டெக்சாஸில் இருக்கும் அந்த ஊர்க் கிளைக்கு அனுப்ப அவள் ஆபீஸ் துடிக்கிறது. தலைவலிக்காரி தனியாகப் போய் என்ன கிழிப்பாள் என்று சொல்லித்தான் நான் அதை நிறுத்தி வைத்திருந்தேன். தலைவலி தீர்ந்தால் கிளம்பிவிடுவாள். அப்புறம் இங்கே எனக்கு யார் சமைப்பது?

அதனால் டப்பாவில் இருந்ததை சிங்க்கில் கொட்டிவிட்டு, ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாங்கிய சுக்குப் பொடியை நிரப்பி வைத்தேன்.

பார்த்தால், இந்த வாரம் ஒருநாள்கூட அவள் இருட்டறையில் சுருண்டு படுக்கவில்லை. மண்ணாங்கட்டி வைத்தியம். சுக்குக்கே ஓடுகிறது என்றால் மருந்தும் பொய், வலியும் பொய்.

அதையும் சொன்னேன். சிரித்தும் விட்டேன்.

வான்மதி கோபப்படவில்லை. எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"சுக்குன்னு மோந்து பாத்தப்பவே தெரிஞ்சுருச்சுங்க. நான் குடிக்கவே இல்லை. அன்னைக்கே ஆபீஸ்ல பிளானோவுக்கு ஓகே சொல்லிட்டேன். அதுக்கப்புறம் வலிக்கவே இல்லைங்க."

என் தட்டைத் தள்ளி வைத்தேன். ஆனாலும் அந்தப் போலி டாக்டரை விட மனமில்லை. மருந்தை ஏன் நிறுத்தினாய் என்று அவள் கேட்கவில்லையா என்றேன்.

"வீட்டுக்காரரு மருந்தைக் கொட்டிட்டு சுக்குப் பொடியை வெச்சிருக்காருன்னு போன் பண்ணிச் சொன்னேனுங்க. அப்ப தலைவலிக்குக் காரணம் கிடைச்சிருச்சு, இனி மருந்தே வேண்டாம்னுட்டாங்க."