பத்து நாள் குட்டியின் சிவப்புப் புள்ளிகள்

ஆய்வகத்தின் திரைகளை இழுத்து மூடியிருக்கிறார்கள். சுவரில் விழும் படத்தில் இன்சுலின் சுரக்கும் செல்கள் பச்சையாகத் திரண்டிருக்கின்றன. அவற்றுக்குள் இரண்டாகப் பிரியும் செல்கள் மட்டும் சிவப்புப் புள்ளிகளாக மினுங்குகின்றன. "வயசான எலி, மேடம்! வயசானா செல் பெருகாம பிரேக் விழுந்துடும். என் மருந்து அதை எடுத்துடுச்சு," என்கிறார் பேராசிரியர், பார்வையிட வந்த அம்மாளிடம். படம் நுண்ணோக்கி அருகே நிற்கும் ஆராய்ச்சி மாணவியுடையது. கேட்காமல் எடுத்துக்கொண்டு, கட்டுரையில் அவள் பெயரையும் அடித்துவிட்டார். இந்த ஒரு பகலுக்காகத்தான் மூன்று மாதமாக அவள் வாயைத் திறக்கவில்லை. படம் போதாது, செல்கள் உள்ள கண்ணாடி ஸ்லைடையே பார்க்க வேண்டும் என்கிறார் அம்மாள். "போடும்மா ஊமைக்கோட்டான்," என்கிறார் பேராசிரியர். நாலு பேர் சிரிக்கிறார்கள். அவள் விரல் ஸ்லைடின் மூலையில் உள்ள கீறலைத் தடவுகிறது. குட்டி எலிக்கு அவள் போடும் அடையாளம் அது, படத்தில் தெரியாது. ஸ்லைடை நுண்ணோக்கியில் வைக்கிறாள். சுவரில் அதே சிவப்புப் புள்ளிகள். "இது பத்து நாள் குட்டி சார். இந்த வயசுல மருந்தே வேணாம், தானாப் பெருகும். நீங்க மருந்து குடுத்த கிழடு இதோ." அடுத்த ஸ்லைடில் பச்சை மட்டும் இருக்கிறது. "சிவப்பு எங்கங்க?" என்கிறார் அம்மாள். பேராசிரியரின் முகமெல்லாம் பச்சை வெளிச்சம். நுண்ணோக்கியின் திருகை இடமும் வலமுமாக, அவசரமே இல்லாமல் அவள் நகர்த்துகிறாள். "நல்லா தேடுங்க சார். நேரம் இருக்கு."