சானாவில் ஒரு சொம்பு பால்

பால் பொங்கவில்லை.

அவர் மறுபடியும் எட்டிப் பார்த்தார். சொம்பின் கழுத்துவரை பால். மேலே மெல்லிய ஏடு. ஏட்டில் ஒரு சுருக்கம்கூட இல்லை. தூர்ந்த கிணறுகூட இவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

கொதித்துக்கொண்டிருந்தவர் அவர்தான்.

வெளியே ராணிப்பேட்டையின் மே மாதம். ரோட்டுத் தாரில் செருப்பு ஒட்டிக்கொள்ளும் பகல் பதினொரு மணி. அது போதாதென்று ஸ்டோர் ரூமுக்கு நான்கு பக்கமும் பலகை அடித்து, மின்சார அடுப்பு வாங்கி, அதன்மேல் கருங்கல் அடுக்கி, அதற்கென்று தனி லைன் இழுத்து, தனி ஃபியூஸ் மாட்டி, வீட்டுக்குள்ளேயே வியர்க்க வைக்கும் வெப்ப அறை, சானா, கட்டிவிட்டார். ஆசியாவிலேயே இப்படிக் கட்டிய முதல் பென்ஷன்காரர். தெருவுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருந்தார்.

புது அறை என்றால் முதலில் பால் காய்ச்ச வேண்டும் என்றாள் மனைவி ராஜகுமாரி.

“அதுக்கு அடுப்பு எதுக்கு? உள்ள வெச்சா கல்லே உருகும். பாலு அஞ்சு நிமிஷத்துல பொங்கும் பாரு.”

தெருவே கேட்டது. முப்பத்து நாலு வருடம் தோல் கம்பெனியில் பாய்லர் ஓட்டியவர் சொன்னால் யார் மறுப்பது?

இப்போது இருபது நிமிடம்.

பாய்லருக்கு வெளியே நிற்பது வேறு. உள்ளே உட்கார்ந்திருப்பது வேறு.

பாலாற்றில் இருபது வருடமாக ஓடாத தண்ணீரெல்லாம் அவர் முதுகில் ஓடியது. நாக்கு, பதனிட்ட தோலாகிவிட்டது. இடப்பக்க மாரில் ஏதோ இழுத்தது. போன தை மாதம் அங்கே ஸ்டென்ட் வைத்த டாக்டரிடம் சானாவைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு விரலால் தள்ளினால் போதும்.

தள்ள விரல் எழவில்லை.

எதிர்வீட்டுப் பிரேமாவதி காலையிலேயே சொல்லிவிட்டாள். வாலாஜாவில் அவள் மச்சினர், பால் பொங்கும் முன்பே புது வீட்டிலிருந்து வெளியே வந்தாராம். ஆறே மாதம். அடுத்த தடவை சொந்தக்காரர்கள் அந்தப் படியேறியது கருமாதிக்கு.

உள்ளே இருந்தால் இன்றைக்கு. வெளியே போனால் ஆறு மாதம்.

அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

மாரை நினைத்துப் பயந்து, அறைச் சூடு தொண்ணூறு டிகிரியைத் தாண்டாதபடி திருகிவைத்ததே அவர்தான். பால் பொங்க நூறாவது வேண்டும்.

இது இன்றைக்குப் பொங்காது. நாளைக்கும் பொங்காது. அவர் வற்றலாகி, வற்றல் கருகி, மிச்சத்தை மஞ்சள் பையில் அள்ளிப் போகும்போதும் இந்த ஏடு இப்படியே இருக்கும்.



சொம்பைத் தூக்கிக் கல்மேல் வைத்தால்? கால்கள் எழ மறுத்தன. அவை வேறு யாருடைய கால்களோ.

அடுப்புக்குக் கரண்டு வருவதைக் காட்டும் சிவப்பு விளக்கைத் தேடினார்.

காணோம்.

பால் தெரிந்தது. சொம்பு தெரிந்தது. சிவப்பு மட்டும் தெரியவில்லை. எமன் சிவப்பிலிருந்துதான் ஆரம்பிப்பான் போலிருக்கிறது.

“இன்னாங்க, பொங்கிச்சா?”

வெளியே ராஜகுமாரி. குரல் பிசிறியது. அதற்குப் பின்னால் பிரேமாவதியின் வளையல் சத்தம். அதற்குப் பின்னால் தெரு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

“பொங்கிடுச்சு” என்றார். வந்தது பாதி குரல், பாதி காற்று.

கதவு திறந்தது. அவள் மட்டும் உள்ளே வந்தாள். முதுகாலேயே கதவைச் சாத்தினாள்.

பாலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

வலது கையில் முந்தானையைச் சுற்றிச் சொம்பின் கழுத்தைப் பிடித்தாள். கிழக்கு எந்தப் பக்கம் என்று ஒரு கணம் யோசித்தாள்.

சாய்த்தாள்.

ஏடு கிழிந்தது. பால் பலகையில் வழிந்து, அவர் பாதத்தைத் தொட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

“கிழக்கால பொங்கிச்சு” என்றாள், கதவுப் பக்கம் திரும்பி.

வெளியே கைதட்டினார்கள்.

அவரை எழுப்ப இடது கையை நீட்டினாள். அது மூடியே இருந்தது. பிடித்துக்கொள்ள அவள் விரல்களைப் பிரித்தார்.

உள்ளே வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை.

இறுக்கி இறுக்கிப் பிடித்ததில் அதன் நான்கு மூலையும் அவள் உள்ளங்கையில் ஆழமாகப் பதிந்திருந்தன.