கியர் பாக்ஸ் மாப்பிள்ளை

காருக்கு அடியில் விரித்திருந்த அரிசிச் சாக்கில் மல்லாந்து படுத்தபோது வாஜித்தின் கண்ணில் முதலில் பட்டவை சின்னத்தாவின் கால்கள்தான்.

செருப்பைக் கழற்றிவிட்டு, நாற்காலி போட்டு, ஆற அமர உட்கார்ந்திருந்தார் மனுஷன். இன்றைக்கு நகர்வதாக இல்லை.

மனைவி நாஜியாவின் சின்னத்தா என்றால் மாமனார் ஜெகபர் அலியின் தம்பி. கல்யாணப் பிரியாணியில் உப்புப் போதவில்லை என்று சபையில் சொன்ன ஆள்.

"சார்ஜாவுல மெக்கானிக்குன்னா இந்நேரம் முடிச்சிருக்கணும்ல?" என்றார், வேலை தொடங்குவதற்கு முன்பே.

வாஜித் சார்ஜாவில் கார் கழுவுகிறான். இதில் அவனுக்கு ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. கல்யாணமான கையோடு நாஜியாவிடம் சொல்லிவிட்டான். அவளும் "சுத்தமான வேலதானே மச்சான்" என்று சிரித்தாள்.

ஆனால் அந்தக் கார் கழுவும் வேலை தரகர் வாயில் கார் கம்பெனி வேலையாயிற்று. மாமியார் வாயில் மெக்கானிக் ஆயிற்று. மீமிசல் கடைத்தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வீடு திரும்பியபோது கியர் பாக்ஸ் இன்ஜினியராகவே ஆகியிருந்தது. மறுக்க வேண்டிய நேரத்தில் அவன் விமானத்தில் இருந்தான்.

அப்புறம் யாரோ சின்னத்தாவிடம் வத்தி வைத்துவிட்டார்கள். உங்கள் வீட்டு மாப்பிள்ளை கையில் ஸ்பேனரைப் பார்க்கவில்லை, வாளியைத்தான் பார்த்தோம் என்று.

மாமனாரின் ஆட்டோமேட்டிக் கார் பழசு. கியரைக் காட்டும் பச்சை விளக்கு கொஞ்ச நாளாகக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறியது. கியர் ஆயிலின் அழுத்தத்தைப் பார்த்துச் சொல்லும் ஸ்விட்ச் போய்விட்டது, புதுசு ஒன்று வாங்கிவாருங்கள் என்று மாமாதான் போனில் சொல்லியிருந்தார். வாஜித்தும் பேரீச்சம்பழத்துக்கும் கோடாலித் தைலத்துக்கும் நடுவில் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்தான். கொண்டுவந்து கொடுப்பதோடு தன் வேலை முடிந்தது என்றும் நினைத்தான்.

"மாப்பிள்ளை இருக்கையில மெக்கானிக் எதுக்கு?" என்று விருந்தில் சின்னத்தா கேட்டார். ஒரே சகன் தட்டில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் கையை நிறுத்திவிட்டு வாஜித்தைப் பார்த்தார்கள்.

கதவோரம் நின்ற நாஜியாவும் பார்த்தாள். லீவு முடிந்தால் அவன் போய்விடுவான். ஊர்ச் சிரிப்பு அவள் தலையில்தான் விடியும். அதை நினைத்துத்தான் அவன் சரியென்று தலையாட்டினான்.

இரண்டு நாளாகக் கழிப்பறைக்குள் போனோடு போய் வீடியோ பார்த்தான். மருமகனுக்கு வயிறு சரியில்லை என்று மாமியார் ஓமத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தார். அதையும் மறுக்க முடியவில்லை.

வீடியோவில் வந்த ஆள் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னான். பழைய ஸ்விட்ச் லேசில் கழலாது, துருவேறிப் பிடித்திருக்கும். அவனே தட்டி, திட்டி, வியர்த்து விறுவிறுத்துத்தான் கழற்றினான்.

காலையில் வந்து பார்த்தால் மாமா எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். ரியாத்தில் பல வருஷம் ஆபீஸ் வேலை பார்த்துத் திரும்பியவர், இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டிருப்பார். வண்டியை ஜாக்கியில் தூக்கி, கருங்கல் முட்டுக்கொடுத்து, சாக்கின் மேல் ஒரே ஒரு ஸ்பேனரை வைத்திருந்தார். அதுவும் சரியான அளவு. வாஜித் அதைத் தன் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டான்.

பிஸ்மி சொல்லிவிட்டு டார்ச்சை அடித்தான்.

கியர் பாக்ஸ் முழுக்கக் கடற்கரை மண்ணும் எண்ணெயும் அப்பிக் கிடந்தன. ஸ்விட்ச் இருந்த இடம் மட்டும் துடைத்துவிட்டது போலச் சுத்தம். அதன் வயர் தனியாகத் தொங்கியது.

ஸ்பேனரை வைத்துத் தம் பிடித்தான். தேவையே இருக்கவில்லை. பாட்டில் மூடி மாதிரித் திரும்பி, கன்னத்தில் இரண்டு சொட்டுச் சிவப்பு எண்ணெயோடு, ஸ்விட்ச் கைக்குள் வந்து விழுந்தது.

புத்தம் புதுசு. வாஷர் பளபளத்தது. அவன் சார்ஜாவிலிருந்து கொண்டுவந்ததற்குக் கூடப்பிறந்தது போல இருந்தது.

யாரோ ஏற்கனவே ஸ்விட்சை மாற்றிவிட்டு, விளக்கு சிமிட்ட வேண்டும் என்பதற்காக வயரை மட்டும் பிடுங்கி வைத்திருக்கிறார்கள். இவன் தோற்க வழியே இல்லாதபடிக்கு.

யாரோ என்ன யாரோ.

மாமா சாக்கின் மேல் வைத்திருந்த அந்த ஒற்றை ஸ்பேனரை வாஜித் இன்னொரு முறை பார்த்தான். வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மண்ணை வழித்துப் பழைய ஸ்விட்சில், மன்னிக்கவும், புது ஸ்விட்சில் பூசினான். தன் மூக்கிலும் கொஞ்சம் பூசிக்கொண்டான். கொண்டுவந்ததை மாட்டி, வயரைச் செருகினான். வேலை நடக்கிற சத்தம் கேட்கட்டும் என்று அங்கிட்டும் இங்கிட்டும் ஸ்பேனரால் சும்மா தட்டினான்.

ஜாக்கியை இறக்கியதும் மாமா வண்டியைக் கிளப்பினார். பச்சை விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. நாஜியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியார் அடுத்த வீட்டுக்குச் சொல்லப் போய்விட்டார்.

சின்னத்தா எழுந்து வந்து கையை நீட்டினார். "பழசக் கொடு, பாப்போம்."

எவ்வளவு மண் பூசியும் வாஷரின் ஓரம் மின்னிக்கொண்டிருந்தது. வாஜித் உள்ளங்கையை இறுக்கி மூடினான்.

மாமா குறுக்கே வந்தார். மூடிய கையைப் பிரித்து ஸ்விட்சை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எண்ணெப் பிசுக்க நீ எதுக்குத் தொடுற? போய் டீயக் குடி" என்று தம்பியை அனுப்பிவைத்தார்.

பிறகு வாஜித்தைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். பொத்தானைக் கழற்றி, சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, அவன் கையில் தண்ணீர் ஊற்றினார்.

மாமாவின் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கோடு கோடாகச் சூட்டுத் தழும்புகள்.

வாஜித்துக்கு அந்தத் தழும்பைத் தெரியும். சார்ஜாவில் அவன் தினமும் குப்பூஸ் வாங்கும் கடையில், எரிகிற அடுப்புக்குள் கைவிட்டு ரொட்டி எடுக்கிறவர்கள் எல்லாருக்கும் அது இருந்தது. ஆபீசில் உட்கார்ந்தவர்களுக்கு வராது.

அவன் நிமிர்ந்து பார்த்தான். மாமா பார்வையை விலக்கவில்லை.

"நல்லாத் தேச்சுக் கழுவுங்க மாப்ள" என்றார். கழுவி முடித்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டு, மறுபடியும் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.