டிக்கிக்குள் போன டிராக்டர் விளக்கு

அறுபது வயதுக் காரின் பின்விளக்கு உடைந்தபோது அசல் விளக்கு எங்கேயும் கிடைக்காமல், ஒரு டிராக்டர் விளக்கைப் பொருத்தி ஓட்டினார்கள். பதினோரு வருஷம் அது மழையிலும் புழுதியிலும் எரிந்தது.

அப்புறம் ஒரு கடைப் பரணில், பெட்டிகூடப் பிரிக்காத அசல் விளக்கு கிடைத்தது. டிராக்டர் விளக்கு டிக்கிக்குள் போயிற்று.

“இவ்வளவு அழகான காருக்கு நீயெல்லாம் ஒரு விளக்கா?” என்றது அசல்.

டிராக்டர் விளக்கு, கார் கிளம்பட்டும் என்று காத்துக் கிடந்தது. மாதங்கள் போயின, என்ஜின் சத்தமே இல்லை.

“ஏம்ப்பா, எங்கேயும் போகலையா?” என்று கடைசியில் கேட்டது.

“நான் உடைஞ்சா இன்னொண்ணு கிடைக்காதாம். அதனால வண்டியை வெளியவே எடுக்கறதில்ல” என்றது அசல்.

பிறகு அதுவே மெல்லிய குரலில் கேட்டது: “அண்ணே, ரோட்டுல எரியறது எப்படி இருக்கும்?”